திரும்பி வராத வொயர்

குருமூர்த்தியின் கையிலிருந்து லாரிச் சாவியை வாங்கிவிட்டார்கள் என்ற சேதியை ஜெயசுதா புருஷன் வாயால் கேட்கவில்லை. கடைக்கு எதிரே தண்ணீர் பாட்டில் வாங்க நிறுத்திய கொளஞ்சியப்பன், டிப்பரின் உயரத்திலிருந்து இறங்காமலேயே போட்டுடைத்தான்.

“தங்கச்சி, ஒன் வூட்டுக்காரன் வண்டிய வேற ஆளு ஓட்டிக்கிட்டுப் போறான். நீ என்னமோ தெரியாத மாரி உக்காந்துருக்க?”

“என்னாண்ணே சொல்றீங்க? காலைல சோறு கட்டிக்கிட்டுத்தானே போனாங்க.”

“எங்க போனான்னு கேளு. முந்தாநாளே சாவிய வாங்கிட்டாரு மொதலாளி. சிமெண்டு ஃபாக்டரி கேட்டுல கல்லு லோடோட போயி நிக்கிறான், போனு செத்துக் கெடக்கு. உள்ள போற சீட்டு அந்தப் போனுலதானே வருது? அதக் காட்டாம உள்ள வுடுவானா? திருப்பவும் எடமில்ல. பின்னாடி நாப்பது வண்டி. மத்தியானம் நின்னது, பொழுது சாயத்தான் நவுந்துச்சு. ஃபாக்டரிக்காரன் மொதலாளிய போன்ல வாங்கு வாங்குன்னு வாங்கிட்டான்.”

பாட்டிலை வாங்கிப் பாதியைத் தலையில் ஊற்றிக்கொண்டு கொளஞ்சியப்பன் கிளம்பினான். வண்டி கிளப்பிய தூசி கடைக்குள் புகுந்து பிஸ்கட் ஜாடிகளின் மேல் படிந்தது. அரியலூரிலிருந்து செந்துறை போகும் ரோட்டில், சுரங்கத்துக்குப் பிரியும் முக்கத்தில் எட்டு வருஷமாகக் கடை போட்டிருக்கிறாள் ஜெயசுதா. தண்ணீர், பிஸ்கட், வாழைப்பழம், ரீசார்ஜ். அதற்கெல்லாம் மேலே, முன்பக்கக் கம்பியில் மாலை மாலையாகத் தொங்கும் சார்ஜ் வொயர்கள். லாரிக்காரர்கள்தான் வாடிக்கை. மாதத்துக்கு ஒரு வொயர் அறுப்பார்கள், அடுத்த மாதம் வந்து இன்னொன்று கேட்பார்கள். நல்ல ஓட்டமுள்ள சரக்கு என்று அவள் பெருமையாக நினைத்திருந்த ஒரே சரக்கு அதுதான்.

அன்று பொழுது இறங்கும்போது குருமூர்த்தி வந்தான். எப்போதும் வருகிற நேரம்தான். எப்போதும் போலக் கை கால் கழுவினான். சட்டையில் மட்டும் கல் தூசி இல்லை. ஜெயசுதா எதுவும் கேட்காமல் சோற்றைப் போட்டு, கருவாட்டுக் குழம்பை ஊற்றி, முருங்கைக்கீரையை ஓரமாக வைத்தாள். அவன் இரண்டு வாய் தின்றதும் கேட்டாள்.

“ரெண்டு நாளா பகல்ல எங்க இருக்கீங்க மாமா?”

அவன் கை நின்றது. “கொளஞ்சி சொன்னானா?”

“யாரு சொன்னா என்ன. எங்க இருக்கீங்க?”

“லாரி ஷெட்டுக்குப் பின்னாடி வேப்பமரம் இருக்குல்ல, அங்கதான். மொதலாளி எரக்கப்பட்டுக் கூப்புடுவாரான்னு பாத்தேன்.”

“போனுல சார்ஜு இல்லாம எப்புடிப் போனீங்க? நீங்க அப்புடி ஆளு இல்லையே.”

“மறந்துட்டேன் சுதா. சார்ஜு போட மறந்துட்டேன். வுடு.”

பதினோரு வருஷமாக லாரி ஓட்டுகிறவன். டீசல், காற்று, டார்ப்பாய்க் கயிறு என்று எதையும் மறந்ததாக ஒருநாளும் பேச்சு வந்ததில்லை. அவளுக்கு அது நெஞ்சில் இறங்கவில்லை. மறுநாள் காலையில் அவன் சாப்பாட்டுப் பையைத் துவைக்க உதறியபோது காரணம் கீழே விழுந்தது. சுருண்டு கிடந்த ஒரு வெள்ளை வொயர். போனில் செருகுகிற பின் கருகியிருந்தது. கழுத்து பிளந்து உள்ளேயிருந்து மயிரிழைபோல நாலைந்து கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. மறுமுனையில் சின்னதாக ஒரு சிவப்பு ஸ்டிக்கர். விற்கிற வொயருக்கெல்லாம் அவள் கையால் ஒட்டும் கடை ஸ்டிக்கர்.

குருமூர்த்தி கொல்லையில் பல் துலக்கிக்கொண்டிருந்தான். அவள் வொயரை அவன் முன்னால் நீட்டினாள்.

“இத ஏன் மொதலாளிகிட்ட காட்டல?”

அவன் வாய் கொப்பளித்துத் துப்பினான். “காட்டுனா, எந்தக் கடைல வாங்குனன்னு கேப்பாரு.”

“சொல்ல வேண்டியதுதானே?”

“என்னான்னு? எம் பொண்டாட்டி கடைலன்னா? சுத்தி அத்தினி டிரைவரும் நிக்கிறான் சுதா. எல்லாவனும் ஒங் கடைலதான் வாங்குறான்.”

சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் துடைக்க ஆரம்பித்தவன் துண்டை எடுக்கவேயில்லை. தனக்கு அழுகை வரும் என்றுதான் ஜெயசுதா நினைத்தாள். வரவில்லை. காதும் கன்னமும் நெருப்பாகக் காந்தின.

அன்றே அவன் மீன்சுருட்டிக்கு பஸ் ஏறினான். ஜெயசுதாவின் அண்ணன் அங்கே முந்திரித் தோப்பு குத்தகைக்கு எடுத்திருந்தான். பங்குனி பிறந்து பழம் உதிர ஆரம்பித்த நேரம், பொறுக்க ஆள் வேண்டியிருந்தது. லாரி ஓட்டிய கை முந்திரிப்பழத்திலிருந்து கொட்டை திருகப் போயிற்று.

ஜெயசுதா கடைக்குப் போனாள். கம்பியில் தொங்கிய வொயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு சாக்கில் போட்டாள். அப்போதுதான் வந்த ஒரு டிரைவர், “ஒரு சி டைப் வொயர் குடுங்க அண்ணி” என்று கேட்டான்.

“இல்ல தம்பி.”

“சாக்குல போடுறீங்களே, அதுல ஒண்ணு?”

“இது விக்கிறதுக்கு இல்ல.”

அவன் ஒன்றும் புரியாமல் அவளையும் சாக்கையும் பார்த்துவிட்டுப் போனான்.

மறுநாள் கடையைச் சாத்திவிட்டுச் சாக்கோடு திட்டக்குடி பஸ்ஸில் ஏறி, லப்பைக்குடிக்காட்டில் இறங்கினாள். அவளுக்கு வொயர் போடுகிற ஹஃபீசாவின் கடை வீட்டு முன்னறையிலேயே இருந்தது. புருஷன் காமில் ஷார்ஜாவில். அவன் அனுப்பிய பணத்தை முதலாகப் போட்டு ஹஃபீசா தனியாளாக மொத்த வியாபாரம் நடத்தினாள். போன் கவர், இயர்போன், சார்ஜர், வொயர். சுற்றுவட்டாரத்தில் ஐம்பது அறுபது பெட்டிக்கடைக்கு அவள் சரக்குதான். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நோன்பு மாதம். மத்தியான வெயிலில் ஹஃபீசாவின் உதடு காய்ந்திருந்தது. ஆனாலும் ஆளைப் பார்த்ததும் எழுந்தாள்.

“வா ஜெயசுதா. என்ன இந்த வேகாத வெயில்ல? மொதல்ல சர்பத் குடி.”

“நீங்க நோன்பு இருக்கீங்க. நான் குடிக்க மாட்டேன்.”

“நோன்பு எனக்கு, ஒனக்கில்ல. குடி.”

ஜெயசுதா டம்ளரைத் தொடவில்லை. சாக்கைக் கவிழ்த்தாள். வொயர்கள் தரை முழுக்கச் சரிந்தன. அதன்மேல் கருகிய வெள்ளை வொயரைப் போட்டாள்.

“இது எம் புருஷன் வேலையத் தின்ன வொயரு. ஒங்க சரக்கு.”

நடந்ததையெல்லாம் சொன்னாள். ஹஃபீசா குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டு முடித்ததும் குரலில் சூடு ஏறியது.

“அல்லாவே, மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு சொல்றேன், கோவப்படாத. நீ இங்க வர்றப்பல்லாம் என்ன கேப்ப? இதவிடக் கொறஞ்ச வெலைல இருக்கான்னு கேப்ப. ஒருநாளாவது, இது எத்தன நாளைக்கு வரும்னு கேட்டுருக்கியா?”

ஜெயசுதா கருகிய வொயரைக் கையில் எடுத்தாள். “இல்ல. கேக்கல.”

“நானும் ஒனக்குச் சொல்லல. நீ எடுத்தா எனக்கு ஓட்டம். ரெண்டு பேர் மேலயும்தான் தப்பு. இப்ப சர்பத்தக் குடி.”

குடித்தாள். நன்னாரி மணம் தொண்டையில் இறங்கியதும்தான் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

“சரி, நல்ல வொயரு எது? அதச் சொல்லுங்க.”

ஹஃபீசா சிரித்துவிட்டாள். “பன்னண்டு தினுசு வச்சுருக்கேன். எல்லா அட்டையிலயும் நல்ல வொயருன்னுதான் போட்டுருக்கு. எனக்கென்ன தெரியும்?”

ஜெயசுதா அலமாரியைச் சுற்றிப் பார்த்தாள். தங்கநிறம், பச்சை, நூல் பின்னியது, பின்னில் விளக்கெரிவது. அட்டைகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு பளபளத்தன. இவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றால் ஆயுசுக்கும் தெரியாது என்று பட்டது.

“ரிப்பேருன்னு திரும்பி வர்றத என்ன பண்ணுவீங்க?”

“கட்டிலுக்கடில மூட்டையாக் கெடக்கு. கம்பெனி ஆளு வந்தா மாத்துவேன். பாதிப் பேரு வர்றதே இல்ல.”

“எடுங்க அத.”

மூட்டை வந்தது. இருவரும் தரையில் உட்கார்ந்து செத்த வொயர்களைத் தினுசு தினுசாகப் பிரித்தார்கள். வெள்ளை மெல்லிசு ஒரு குவியல். அதுதான் பெரிசு. நூல் பின்னியது ஒரு குவியல். விளக்கெரிவது ஒரு குவியல். ஜெயசுதா பிளேடு கேட்டு வாங்கி ஒவ்வொன்றையும் அறுக்க ஆரம்பித்தாள். பெரும்பாலும் நடுவில் ஒரு கேடும் இல்லை. செத்ததெல்லாம் பின்னும் வொயரும் சேருகிற கழுத்தில்தான்.

“பாருங்க, நூலு பின்னுனது மேலுக்குத்தான் பலம். கழுத்துல ரப்பரு அரை வெரல்கூட இல்ல. மடங்குற எடமே அதுதான்.”

ஹஃபீசா உள்ளே போய் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தைக் கழற்றி வந்தாள். “காமில் ஒருதடவ சொன்னாக, செம்ப காந்தம் இழுக்காதாம்.” வெள்ளை வொயரின் கம்பியருகே கொண்டுபோனதும் இழைகள் துள்ளி வந்து ஒட்டின. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்னொரு தினுசை காந்தம் இழுக்கவில்லை. ஆனால் பிளேடால் சுரண்டியதும் செம்பு நிறம் உரிந்து உள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியம்.

“முலாம் பூசி ஏமாத்திருக்கான்” என்றாள் ஹஃபீசா. “இத்தன வருஷமா நான் முலாம் வித்துருக்கேன்.”

ஜெயசுதா குவியல்களை எண்ணி, அலமாரியையும் எண்ணினாள். “பன்னண்டு தினுசுன்னீங்க. இங்க பதினொண்ணுதான் இருக்கு. எது திரும்பி வரல?”

ஹஃபீசா எழுந்துபோய் மேல்தட்டின் மூலையிலிருந்து தூசு படிந்த அட்டைப்பெட்டி ஒன்றை இறக்கினாள். கறுப்பு வொயர். தடித்து, மங்கலாக, எருமைக்குட்டி வால்போல இருந்தது. மினுக்கு ஒன்றுமில்லை.

“இதுவா? இது விக்கவே விக்காது. அதான் திரும்பி வரல.”

“விக்காததால வரலையா, கெடாததால வரலையா?”

ஹஃபீசா யோசித்தாள். “ரெண்டு வருஷத்துல ஒரு எழுவது போயிருக்கும். சபுரு போயிட்டு வெளிநாட்டுலேர்ந்து ஊருக்கு வர்றவுக வாங்குவாக. ஒண்ணே ஒண்ணு திரும்பி வந்துச்சு. அதுவும் பின்னு மாறி வாங்கிட்டாகன்னு.”

புது வொயரை அறுக்க ஹஃபீசாவுக்குக் கை வரவில்லை. ஜெயசுதா அறுத்தாள். உள்ளே நாலு கம்பி. இரண்டு நன்றாகப் பருத்து, சுரண்டச் சுரண்டச் சிவப்பாகவே இருந்தன. காந்தம் பக்கத்தில்கூட வரவில்லை. கழுத்தில் ரப்பர் இரண்டு விரல்கடை நீளத்துக்கு வளையம் வளையமாக இறங்கியது.

காமில் போன தடவை ஊருக்கு வந்தபோது கொண்டுவந்த சின்ன மீட்டர் ஒன்று மேசை டிராயரில் கிடந்தது. சார்ஜரில் செருகி வொயரை மாட்டினால் எவ்வளவு கரண்ட் போகிறது என்று எண்ணில் காட்டும். ஹஃபீசாவின் மகள் மர்வா படிக்கிற டேப்லெட்டை எடுத்து மாட்டினார்கள். வெள்ளை வொயரில் எண் ஒரு ஆம்ப்ஸைக்கூடத் தொடவில்லை. கறுப்பில் இரண்டே முக்கால். அதே கறுப்பின் இரண்டு மீட்டர் நீளத்தில் கொஞ்சம் குறைந்தது. கடையிலேயே விலை கூடிய வொயரைக் கடைசியாக மாட்டினார்கள்.

“மூணு காட்டுது” என்றாள் ஹஃபீசா.

“வெல?”

“கறுப்ப மாரி நாலு மடங்கு.”

“கால் ஆம்ப்சுக்கு நாலு மடங்கு வெலையா? அது வேணாம். கறுப்பு, ஒரு மீட்டரு. அதுதான்.”

நோன்பு திறக்கும் வரை ஹஃபீசா விடவில்லை. இரண்டு பேரும் சேர்ந்தே கஞ்சி குடித்தார்கள். ஏழு மணி பஸ் ஏறும்போது ஜெயசுதாவின் மடியில் பத்துக் கறுப்பு வொயர்களும் அந்த மீட்டரும் இருந்தன. முதலாளியிடமே போய்க் காட்டப்போகிறேன் என்றதற்கு, “வெல பேச வேணாம், ஜெயிச்சுட்டு வா” என்றுதான் ஹஃபீசா கொடுத்தனுப்பினாள்.

முதலாளி அய்யாக்கண்ணுவின் லாரி ஷெட் அரியலூர் புறவழிச்சாலையில். நாற்பது டிப்பர்கள். ஜெயசுதா போன காலை நேரத்தில் அங்கே ஏற்கெனவே சத்தம் நடந்துகொண்டிருந்தது. ஃபாக்டரி புதுசாகச் சொல்லிவிட்டது, இனிப் போன் கூடாது, வண்டிக்கு ஒரு டேப்லெட் இருக்க வேண்டும் என்று. முன்பே வெள்ளோட்டமாகச் சில வண்டிகளில் மாட்டிய டேப்லெட்டுகளோடு வந்த வொயர்கள் சுரங்க ரோட்டில் பத்து நாளில் பல்லிளித்துவிட்டன. மேனேஜர் தமிழழகன் திருச்சியிலிருந்து சிவப்பும் கறுப்புமாகப் பாம்புத்தோல் போல நூல் பின்னிய வொயர்களை வரவழைத்து மேசையில் பரப்பியிருந்தான்.

“குருமூர்த்தி சம்சாரமா?” என்றார் முதலாளி. “அவனுக்காகப் பேச வந்துருந்தா வேணாம்மா. நாப்பது வண்டிக்கு நடுவுல என் மானம் போச்சு.”

“அவங்களுக்காக இல்லீங்க மொதலாளி. எனக்காக. அவங்க சார்ஜு போட மறக்கல. நான் வித்த வொயரு கேட்டுக்கிட்ட போய்ச் செத்துருச்சு.” கருகிய வொயரை மேசைமேல் வைத்தாள். “தப்பு எங் கடையோடது. இத எல்லாரும் இருக்குறப்பவே சொல்லணும்னு வந்தேன்.”

சுற்றி நின்ற டிரைவர்கள் வொயரைப் பார்க்க நெருங்கி வந்தார்கள். கொளஞ்சியப்பன், “அப்ப எங்களுக்கும் அதத்தானே வித்த?” என்றான்.

“ஆமாண்ணே. ஒங்களுக்கும் அதத்தான் வித்தேன். இனிமே விக்க மாட்டேன்.”

தமிழழகன் சிரித்தான். “சரிம்மா, சொல்லிட்டல்ல, கெளம்பு. நாங்க நல்ல சரக்கா எறக்கியாச்சு.”

“ஒண்ணு குடுங்க சார், பாக்குறேன்.”

அவன் தடுப்பதற்குள் ஒன்றை எடுத்து நகத்தால் கழுத்தை அழுத்தினாள். “மொதலாளி, இது பாக்க நல்லாருக்கு. ஆனா கழுத்துல ரப்பரு இல்ல. சொரங்க ரோட்டுல டேப்லெட்டு ஆடுற ஆட்டத்துக்கு இது இருவது நாள் தாங்காது.”

“வொயரப் பத்தி பெட்டிக்கடைக்காரம்மா பாடம் எடுக்குது” என்றான் தமிழழகன்.

“பாடம் இல்லீங்க சார். பந்தயம். இருவது வண்டி எடுத்துக்குவம். பத்துல ஒங்க வொயரு, பத்துல எங்க வொயரு. ஒரே ரோடு, ஒரே லோடு. ஒரு மாசம். ஒங்களது ஜெயிச்சா நான் கடையில வொயரு தொடவே மாட்டேன்.”

அய்யாக்கண்ணு நாற்காலியில் சாய்ந்தார். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒற்றை லாரியை அவரே ஓட்டியவர். பந்தயம் என்றதும் அவருக்குள் பழைய டிரைவர் விழித்துக்கொண்டது முகத்தில் தெரிந்தது.

“ஒன்னோடது ஜெயிச்சா?”

“எம் புருஷன் சாவிய நீங்களே கூப்புட்டு அவங்க கையில குடுக்கணும். இத்தன பேரு முன்னாடி.”

முதலாளி கடகடவென்று சிரித்தார். “நாளைக்குக் காலைல கட்டுங்கடா வொயர” என்றார்.

அன்று மத்தியானம் ஜெயசுதா அண்ணன் போனுக்குக் கூப்பிட்டாள். மறுமுனையில் குருமூர்த்தி வந்தான். முந்திரிக்கொட்டைப் பால் பட்டு விரலெல்லாம் வெந்திருக்கிறது என்றான். அவள் ஷெட்டுக்குப் போய் வந்ததைச் சொன்னதும் கேட்டான்.

“எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

“என்னான்னு?”

“நான் வித்த வொயருன்னு. மாமா, நீங்க எனக்காக மறச்சீங்க. எனக்கு அது வேணாம்.”

மறுநாள் விடிந்ததும் அவன் ஷெட்டில் நின்றான். கையில் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்த பட்டைகள். யாரிடமும் பேசாமல் முதல் வண்டியில் ஏறினான். வொயரை விறைப்பாக விடாமல், டேப்லெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சுற்றுத் தொய்வு விட்டு, டேஷ்போர்டுக் கைப்பிடியோடு டியூப் பட்டையால் கட்டினான்.

“இப்புடிக் கட்டுனா குலுங்குறது பட்டைக்குப் போவும், கழுத்துக்குப் போவாது” என்றான் ஜெயசுதாவிடம்.

“அப்ப பாம்புத்தோல் வொயரையும் அப்புடியே கட்டுங்க.”

“அதையும் எதுக்கு? தமிழழகன் வொயரு ஜெயிச்சா ஒனக்கென்ன லாபம்?”

“ரெண்டும் ஒரே மாரி கட்டுனாத்தான் பந்தயம். இல்லாட்டி பின்னால பேச்சு வரும்.”

அவளை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இருபதையும் ஒன்றுபோலக் கட்டினான். கட்டி முடித்து அன்றைக்கே தோப்புக்குத் திரும்பினான்.

அந்த ஒரு மாதம் வெயில் ரோட்டை உரித்தது. தாரெல்லாம் இளகி டயரோடு ஒட்டிக்கொண்டு வந்தது. சுரங்கத்துக்குள் இறங்கும் பாதையில் முழங்கால் ஆழத்துக்குக் குழிகள். வண்டி ஒரு குழியில் இறங்கி ஏறினால் டிரைவரின் குடல் வாய்க்கு வந்துபோகும். கல்லின் வெள்ளைப்பொடி டேப்லெட்டில் பின் செருகுகிற துவாரத்துக்குள்ளெல்லாம் புகுந்தது. ஜெயசுதா பதினோரு மணிக்குக் கம்பங்கூழைக் கரைத்துக் குடித்துவிட்டு, போகிற வருகிற வண்டிகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். கேட்க வாய் துறுதுறுக்கும். கேட்க மாட்டாள்.

எட்டாம் நாள் ஒரு டிரைவர் தானாகவே நிறுத்திச் சொன்னான், “அண்ணி, பாம்புத்தோலு ஒண்ணு காலி.” பதினைந்தாம் நாள் மூன்று. அதற்குப் பிறகு செய்தி தினமும் வந்தது. அவள் சமாதானமாகத் தூங்க ஆரம்பித்த வேளையில், இருபத்தாறாம் நாள், கொளஞ்சியப்பன் வண்டியை நிறுத்தித் தலையை வெளியே நீட்டினான்.

“தங்கச்சி, ஒங் கறுப்பு வொயரு ஒண்ணு செத்துப்போச்சு. என் வண்டிலதான்.”

அவள் காலண்டரைப் பார்த்தாள், தீர்ப்புக்கு இன்னும் நாலு நாள்.

தீர்ப்பு நாளன்று ஷெட்டில் நிற்க இடமில்லை. லோடு இல்லாத டிரைவர்கள், கிளீனர்கள், டீக்கடைக்காரர், பக்கத்து டயர்க்கடை ஆட்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். மீன்சுருட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த குருமூர்த்தி கூட்டத்துக்குப் பின்னால் நின்றான். தமிழழகன் வொயர்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். ஜெயசுதா சார்ஜரில் மீட்டரைச் செருகி, ஒரு டேப்லெட்டைப் பக்கத்தில் வைத்தாள். ஒவ்வொன்றாக மாட்டி, முதலாளியே எண்ணைச் சத்தமாக வாசித்தார்.

பாம்புத்தோல் பத்தில் ஏழு அடியோடு போயிருந்தது. இரண்டு, கழுத்தைத் திருகிப் பிடித்தால் மட்டும் உயிர் வந்தது. ஒன்றே ஒன்று பழுதில்லாமல் ஓடியது. கறுப்பு, ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒன்பதும் இரண்டே முக்காலைக் காட்டின. ஒவ்வொரு தடவையும் பின்னாலிருந்து ஒரு விசில் பறந்தது.

பத்தாவதை மாட்டினார்கள். மீட்டரில் பூஜ்யம்.

“செத்துப்போச்சுல்ல?” தமிழழகன் மேசையைத் தட்டினான். “ஒங்க வொயரும் கெடும்னு ஆயிடுச்சுல்ல? அப்புறம் என்ன பெரிய வித்தியாசம்?”

கூட்டம் சலசலத்தது. ஜெயசுதா அந்த வொயரைக் கையில் எடுத்தாள். கழுத்தைத் தடவினாள், சரியாக இருந்தது. மறுமுனையும் சரியாக இருந்தது. விரலைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே வந்தவள் நடுவில் ஓரிடத்தில் நிறுத்தினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ரப்பரில் குட்டிக் குட்டியாக, ஜோடி ஜோடியாகப் பள்ளங்கள்.

“கொளஞ்சிண்ணே, ஒங்க வண்டில சீட்டுக்கடில என்ன வச்சுருந்தீங்க?”

“நானா? ஒண்ணுமில்லியே.”

“நல்லா யோசிங்க.”

கொளஞ்சியப்பன் தலையைச் சொறிந்தான். “ஒரு ரெண்டு வட... பேப்பர்ல சுத்தி. சாயங்காலத்துக்குன்னு வச்சது, மறந்துபோச்சு.”

“எத்தன நாளா?”

“ஒரு... வாரம் இருக்கும்.”

“மொதலாளி, இது எலி கடிச்சது. பல்லப் பாருங்க.”

அய்யாக்கண்ணு கண்ணாடியை மாட்டி, வொயரை மூக்கருகே வைத்துப் பார்த்தார். பிறகு முகர்ந்தும் பார்த்தார். “ஏன்டா கொளஞ்சி, வட வாடகூட வருதுடா இதுல!”

ஷெட்டின் தகரக்கூரை அதிர்ந்தது. டயர்க்கடைக்காரர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். கொளஞ்சியப்பனே கடைசியில் சேர்ந்து சிரித்தான். ஜெயசுதா சத்தம் அடங்கும்வரை நின்று, பிளேடை எடுத்துக் கடிபட்ட இடத்தை வெட்டி வீசினாள். இரண்டு பக்கத்துக் கம்பிகளையும் பல்லால் சீவி, நிறத்துக்கு நிறம் முறுக்கிச் சேர்த்து மீட்டரில் மாட்டினாள்.

“ரெண்டே முக்கா!” என்று கத்தினார் முதலாளி.

தமிழழகன் மேசையருகே வந்தான். மேசையில் கிடந்த தன் வொயரில் ஒன்றை எடுத்துக் கழுத்தை நகத்தால் அழுத்திப் பார்த்தான். “இத நான் வாங்குறப்பயே பாத்துருக்கணும்” என்று முணுமுணுத்தான்.

அய்யாக்கண்ணு எழுந்தார். சுவரில் ஆணியில் தொங்கிய சாவிகளில் ஒன்றைக் கழற்றினார். “குருமூர்த்தி! பின்னாடி என்னடா ஒளிஞ்சு நிக்கிற? முன்னால வா.”

கூட்டம் வழிவிட்டது. குருமூர்த்தி வந்தான். முந்திரிப்பால் பட்டுத் தோலுரிந்த கையை வேட்டியில் துடைத்துவிட்டு நீட்டினான். முதலாளி சாவியை வைத்து, அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் மூடினார்.

“கேட்டுல நீ நின்னப்ப என்ன ஏதுன்னு நான் விசாரிச்சுருக்கணும். விசாரிக்கல. மனசுல வச்சுக்காத.”

குருமூர்த்தி தலையாட்டினான்.

“ஏம்மா” என்று ஜெயசுதா பக்கம் திரும்பினார் முதலாளி. “நாப்பது வண்டிக்கும் ஒன் வொயருதான். எடைமேடைல நாலு டேப்லெட்டு இருக்கு, ஆபீசுக்கு வேற வேணும். எல்லாம் ஒங் கடையிலேர்ந்துதான் வரணும். இன்னிமே தமிழழகன் எதுவும் வாங்குறதுன்னா மொதல்ல ஒங்கிட்டக் காட்டித்தான் வாங்குவான்.”

“காட்டிட்டுத்தான் வாங்குவேன்” என்றான் தமிழழகன். அதில் கசப்பில்லை.

ஜெயசுதா அங்கேயே நின்று ஹஃபீசாவுக்குப் போன் போட்டாள். “மேல்தட்டுல உள்ள பொட்டியெல்லாம் எறக்குங்க. அதுவும் பத்தாது.” மறுமுனையில் ஹஃபீசா, “மாஷா அல்லாஹ்!” என்று போட்ட கூச்சல் பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது.

குருமூர்த்தி தன் வண்டியைச் சுற்றி வந்தான். டயரைத் தட்டினான். கண்ணாடியைத் துடைத்தான். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகியதும் டிப்பர் இருமிக்கொண்டு உயிர்த்தது. அவன் இறங்காமல் அந்தப் பக்கக் கதவைத் திறந்தான்.

“ஏறு சுதா. கடைல எறக்கி வுட்டுட்டு லோடுக்குப் போறேன்.”

“நானா? இதுலயா?”

“ஏறும்மா!” என்றார் முதலாளி பின்னாலிருந்து.

படி அவள் இடுப்புக்கு இருந்தது. சேலையைச் செருகிக்கொண்டு, கம்பியைப் பிடித்து, ஒரே மூச்சில் ஏறிவிட்டாள். எட்டு வருஷமாக இந்த வண்டிகளின் தூசியைத் தின்றவள், இவ்வளவு உயரத்திலிருந்து இந்த ரோட்டைப் பார்த்ததே இல்லை. வேலிக்கருவைக்கு அப்பால் சுரங்கத்தின் வெள்ளைச் சுவர், அதற்கும் அப்பால் சோளக்கொல்லை, எங்கோ போகிற ஒரு டவுன் பஸ். எதிரே வந்த லாரிக்காரர்கள் அவளைப் பார்த்துவிட்டு ஹாரன் அடித்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக அடித்தார்கள்.

“நம்மளும் அடிக்கணும்ல மாமா?” என்றாள்.

குருமூர்த்தி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் கண்ணால் காட்டினான். “அந்தா, நடுவுல இருக்கு பாரு. அமுக்கு.”

ஜெயசுதா குறுக்கே எட்டி, உள்ளங்கையை முழுசாக வைத்து அமுக்கினாள். சத்தம் ரோட்டின் இரண்டு பக்கமும் ஓடியது. அவள் கையை எடுக்கவில்லை.